பின்பக்க டிஜிட்டல் கப்ளர் மட்டும் இயங்கவில்லை: டிகோடரா, போர்டா?

எச்ஓ (1:87 அளவு) மாடல் ரயில் டீசல் எஞ்சின்; டிகோடர் (டிஜிட்டல் கட்டளையை வாங்கி எஞ்சினை இயக்கும் சிறு சர்க்யூட்) செருக 21எம்டிசி சாக்கெட். என்இஎம் 362 பாக்கெட்டில் (கப்ளர் செருகும் தர அளவுக் குழி) இரு பக்கமும் காயில் வகை கப்ளர் (பெட்டியை இணைக்கும் கொக்கி; காயிலில் மின்சாரம் பாய்ந்தால் தூக்கிக் கழற்றிவிடும்). முன்பக்கம் ஆக்ஸ்1-இல் (டிகோடரின் துணை வெளியீடுகளில் ஒன்று), சரியாகத் தூக்குகிறது. பின்பக்கம் ஆக்ஸ்3-இல், அசைவே இல்லை.

செய்து பார்த்தவை: பின் கப்ளரின் ஒயரை ஆக்ஸ்1-க்கு மாற்றினால் வேலை செய்கிறது. ஆக, காயில் நல்லது. ஃபங்ஷன் மேப்பிங்கும் (எந்த பட்டன் எந்த வெளியீட்டை இயக்கும் என்ற அமைப்பு) சரி. ஆக்ஸ்3-ஐ ஆன் செய்தால் கிரவுண்டுக்கும் அந்த முள்ளுக்கும் இடையே 3 வோல்ட் சொச்சம்தான் வருகிறது. இது லாஜிக் வெளியீடு, காயிலை நேரடியாக இழுக்காது என்றே படுகிறது. எஞ்சின் போர்டில் அந்தத் தடத்தில் டிரான்சிஸ்டரும் இல்லை.

லாஜிக் லெவல் என்-சேனல் மாஸ்ஃபெட் (சிறு சிக்னலால் பெரிய மின்னோட்டத்தை ஆன்-ஆஃப் செய்யும் டிரான்சிஸ்டர்) ஒன்று, கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு 100 கிலோ ஓம், காயிலுக்குக் குறுக்கே 1என்4148 டையோடு (கோடு உள்ள முனை பிளஸ் பக்கம்) வைத்தால் போதுமா? அல்லது ஆக்ஸ்3, ஆக்ஸ்4 பவர் வெளியீடாக உள்ள டிகோடரே வாங்குவது நல்லதா?

இன்னொன்று: லாஜிக் முள்ளிலும் டிகோடரின் கப்ளர் மோடு (முதலில் முழு மின்சாரம், பிறகு குறைந்த பிடிப்பு) வேலை செய்யுமா? சாதா லைட் மோடில் விட்டால் மெல்லிய காயில் கருகிவிடும், அதுதான் பயம். கொக்கி இழுவிசையில் மாட்டிக்கொள்வது தெரியும், பெட்டியைச் சற்றுத் தள்ளிவிட்டுத்தான் சோதித்தேன்.