புதுப்பிப்பு: இரட்டைக்குட்டி வம்சக் கிடா, இப்போது மகள்களின் முறை

மன்னார்குடிப் பக்கம் எங்கள் செம்மறிப் பட்டிக்கு இரட்டைக்குட்டி வம்சத்துக் கிடா வாங்கலாமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். வாங்கினேன். அது சேர்ந்த ஆடுகளைப் பார்த்து, "ஒற்றைக் குட்டிதானே போடுது?" என்று பலர் கேலி செய்தார்கள். கிடாவிடம் இரட்டை தரும் மரபணு இருந்தாலும், அதனால் அது இணையும் ஆட்டுக்கு இரட்டை வராது. எத்தனை கருமுட்டை என்பது தாயின் உடல் விஷயம். பலன் மகள்களிடம்தான் தெரியும். இந்த மாசியில் மகள்கள் இரட்டை ஈன்றபோது தெரிந்தது.

மரபணுவின் பெயர் ஃபெக்-பி. சுந்தரவனத்துக் கரோல் ஆட்டில் உள்ளது. மகாராஷ்டிரத்து ஃபல்தனில் அதைத் தக்காணி ஆட்டுக்குள் கொண்டுவந்தார்கள்.

சரி, சுமை யாருக்கு? தாய்க்குத்தான். சினையின் கடைசி ஆறு வாரத்தில்தான் குட்டிகள் வேகமாக வளரும். இரண்டும் வயிற்றை அடைத்துக்கொள்ள, வைக்கோலுக்கு இடமிருக்காது. கம்பு, கடலைப் புண்ணாக்கு இல்லாவிட்டால் உடல் கொழுப்பே கரைந்து, இரை எடுக்காமல் ஒதுங்கி நிற்கும். ஒன்று அப்படி நின்றது. கால்நடை மருத்துவர் குளுக்கோஸ் ஏற்றிக் காப்பாற்றினார். குட்டிகளும் சிறுசு. பிறந்த ஓரிரு மணி நேரத்துக்குள் சீம்பால் போக வேண்டும். இரண்டில் இளைத்தது காம்பைத் தேடும் முன்பே மற்றது குடித்துவிடுகிறது. பிடித்து ஊட்டினோம்.

அறுவடை வயலில் கிடை போட வந்த ராமநாதபுரத்துக் கீதாரி (ஊர் ஊராக மந்தை மேய்ப்பவர்) பார்த்துவிட்டு, "நடக்கிற மந்தைக்கு இது ஆகாது தம்பி" என்றார். அவர் சொல்வது நியாயம். கொட்டிலில் வைத்துத் தீனி போட முடிந்தவர்களுக்கே இது.

மகள்களைத் தகப்பன் கிடாவோடு சேர்க்கப் போவதில்லை. உள்ளினக் கலப்பு ஒரு பக்கம். அதில் பிறக்கும் பெட்டைக்கு இரண்டு பக்கமும் மரபணு வந்தால், அது மூன்று குட்டிகூடப் போடலாம், காம்போ இரண்டு. அடுத்த ஈற்றுக்குச் சாதாரண ராமநாதபுரம் வெள்ளைக் கிடா பேசியிருக்கிறேன்.