பைக்கின் பின் ஷாக் (குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பு) அடிவரை இறங்கி இடிக்கிறது, உதவுங்கள்

மேல்மலையான்:
அவசரம். கொடைக்கானல் மலையில் மன்னவனூர்ப் பக்கத்து மண்பாதையில் பள்ளம் வந்தாலே பின் ஷாக் அடிவரை இறங்கி ‘டங்’கென்று இடிக்கிறது. வளையத்தைத் திருகி ஸ்பிரிங்கை முழுக்க இறுக்கிவிட்டேன். இப்போது தனியாக ஓட்டினால் பின்பக்கம் தூக்கி எறிகிறது. வளையத்தை எத்தனையாவது படியில் வைப்பது? ஞாயிற்றுக்கிழமைக்குள் ஓட வேண்டும்.

கோத்தகிரி வளைவு:
என்ன வண்டி? உங்கள் எடை என்ன?

பழைய செயின்:
டயரில் காற்றைக் குறையுங்கள். பாதி நோய் அங்கேதான்.

மேல்மலையான்:
எக்ஸ்பல்ஸ் 200. எடை 70 இருக்கும்.

மலைக்காற்று:
அமுங்கிய ஷாக் திரும்ப எழும் வேகத்தை மாற்றும் ரீபவுண்ட் திருகை இரண்டு கிளிக் திறந்துவிடுங்கள்.

ஸ்பேனர் சாமி:
சாதாரண எக்ஸ்பல்ஸில் அந்தத் திருகே கிடையாது ஐயா. காற்றைக் குறைத்துக் கல்லில் ஏற்றினால் டியூப் கிழியும். இதையெல்லாம் எழுதி எழுதி எனக்கு விரல் தேய்ந்துவிட்டது.

தம்பி, வளையத்தை இறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகாது. வண்டி நிற்கும் உயரம்தான் கூடும். எனவே அளந்து பாருங்கள். பின் சக்கரம் தரையில் படாமல் வண்டியைத் தூக்கி நிறுத்தி, அச்சிலிருந்து நேர் மேலே சீட்டுக்கடியில் ஒரு புள்ளிவரை டேப் பிடியுங்கள். பிறகு வண்டியை இறக்கி, ஹெல்மெட்டோடு ஏறி உட்கார்ந்து வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள். அந்தச் சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய மொத்த தூரம் 170 மி.மீ.; வித்தியாசம் 50 மி.மீ. சுமாருக்கு வர வேண்டும்.

கோத்தகிரி வளைவு:
‘தனியாக ஓட்டினால்’ என்கிறாரே! தனியாக இல்லாதபோது பின்னால் என்ன இருக்கிறது?

மேல்மலையான்:
பூண்டு மூட்டை. 50 கிலோ. சில நாள் அதன்மேல் தம்பியும்.

ஸ்பேனர் சாமி:
இதை முதலிலேயே சொல்லத் தெரியாதா?

பழைய செயின்:
அசல் மலைப்பூண்டா? சந்தையில் மலைப்பூண்டு என்று விற்பதில் பாதி வெளியூர்ச் சரக்கு.

மலைக்காற்று:
2019-லேயே கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டதே.

பழைய செயின்:
குறியீடு காகிதத்தில் இருக்கிறது. மூட்டையைப் பிரித்து யார் பார்க்கிறார்கள்? உரித்த பல்லின் காரம் சொல்லும்.

மலைக்காற்று:
காரம் பார்த்து ஊர் சொல்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

கோத்தகிரி வளைவு:
பூண்டுக்குத் தனி இழை தொடங்குங்கள். மேல்மலையான், மூட்டையோடு ஒரு படி, வெறும் வண்டிக்கு ஒரு படி என்று இரண்டையும் அளந்து பெயின்ட்டால் குறித்துவையுங்கள். மூட்டையோடு அந்த வித்தியாசம் 50 மி.மீ. வரும்படி இறுக்கிய பிறகு, மூட்டையும் ஆளும் இல்லாத வண்டி தன் எடைக்குச் சிறிதும் தணியவில்லை என்றால், அந்தச் சுமைக்கு ஸ்பிரிங் மெலிது. கனமான ஸ்பிரிங்தான் வழி. தம்பியைப் பஸ்ஸில் அனுப்புங்கள்.

மேல்மலையான்:
தனியாகப் போகும்போது நான்கு படி தளர்த்தினேன், தூக்கி எறிவது நின்றது. மூட்டையை முன்னே தள்ளிக் கட்டியதில் இடி குறைந்திருக்கிறது. நன்றி.

ஸ்பேனர் சாமி:
குறைந்தது என்றால்? அளவு எத்தனை மி.மீ. வந்தது?

கோத்தகிரி வளைவு:
ஷாக் தண்டில் எண்ணெய் கசிகிறதா என்றும் பாருங்கள். இவ்வளவு இடி வாங்கினால் சீல் போயிருக்கலாம்.

ஸ்பேனர் சாமி:
ஆளைக் காணோம். வழக்கம்போல.