மறு: தோல்வெப்பப் படம் – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம்.

தோலின் சூட்டை நிறங்களாகக் காட்டும் கமராப் படத்துக்கு (thermal image) என்ன தமிழ்ச் சொல் போடலாம் என்ற மடல்கள் முழுவதையும் வாசித்தேன். தொல்காப்பிய உரியியலில் 'வெம்மை வேண்டல்', அதாவது வெம்மை என்றால் விருப்பம், என்றிருப்பதால் 'வெம்மைப்படிமம்' விருப்பத்தின் படிமம் ஆகிவிடும் என்று ஐயா எழுதியது சரிதான். அக்கா 'தெறல்' (சுடுதல்) என்று தொடங்கி, குறளின் 'நீங்கின் தெறூஉம்' (விலகினால் சுடும்) வரை போனதையும் விரும்பித்தான் படித்தேன். ஆனால் என் மேசையில் கிடப்பது பெற்றோர் கையெழுத்திடும் சம்மதப் படிவம். மட்டக்களப்பின் வாகரையிலிருந்தும் வெல்லாவெளியிலிருந்தும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் அம்மா அதை வாசித்து விளங்கவேண்டும்.

சின்னப்பிள்ளைக்கு முழு மயக்கம் கொடுத்த பிறகுதான் வால் எலும்புக்குச் சற்று மேலே விறைப்பு ஊசி (உணர்வை மரக்கச் செய்யும் ஊசி) போடுகிறார்கள். 'கால் விறைச்சிட்டா மகன்?' என்று கேட்க வழியில்லை. ஊசி பிடித்தால், இரத்தக் குழாய்களை இறுக்கி வைத்திருக்கும் நரம்புகளும் ஓய்ந்துவிடும். குழாய் விரியும், தோல் சூடேறும். கமராத் திரையில் நீலமாய்க் கிடந்த கால்விரல்கள் ஒவ்வொன்றாக மஞ்சளாகிச் சிவக்கும். மயக்க மருந்தே பாதத்தைக் கொஞ்சம் சூடாக்கும் என்பதால், ஊசிக்கு முந்திய படத்தோடு ஒப்பிட்டுத்தான் முடிவு சொல்லலாம். ஆகவே 'விறைப்புமானி' என்ற பெயர் பொருந்தாது. கமரா காட்டுவது தோலின் சூட்டை. விறைப்பை நாங்கள்தான் அதிலிருந்து ஊகிக்கிறோம்.

அப்படியானால் 'சூட்டுப்படம்' போதுமே என்றார் அக்கரைப்பற்றுத் தம்பி. தம்பி, உங்கள் பக்கத்து வயலில் சூடு என்றால் அடிக்கக் குவித்த கதிர். பிள்ளைக்குச் சூடு என்றால் காய்ச்சல். துப்பாக்கிச் சூட்டை இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. ஒரு தாயிடம் நீட்டும் தாளில் அந்தச் சொல்லைப் போட எனக்கு மனம் வரவில்லை.

'அகச்சிவப்புக் கதிர்ப்படம்' என்பதும் வேண்டாம். எங்கள் இலங்கைப் பாடநூலில் அது செங்கீழ்க் கதிர் என்பது ஒருபுறம். 'கதிர்' என்றதுமே எக்ஸ்ரே என்று பயந்துவிடுவார்கள். இந்தக் கமரா பிள்ளைமேல் எதையும் பாய்ச்சுவதில்லை. தோலிலிருந்து வருவதை வாங்குகிறது, அவ்வளவுதான்.

1936இல் சென்னையில் கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள். அவர் மண்ணிலிருந்து வடசொல் கலந்த சொல் போகலாமா என்று ஐயா கேட்கிறார். 'படம்' வடசொல் என்றால், 'படிமம்' 'பிரதிமா'விலிருந்து வந்தது என்போரும் உண்டே, ஐயா. அந்தச் சல்லடையில் இரண்டும் தங்காது.

படிவத்தில் 'தோல்வெப்பப் படம்' என்றே போடுகிறேன். பெரும்பாலானோர் சரி என்றுவிட்டீர்கள். கமரா சொல்வது வெப்பத்தை அல்ல, வெப்பநிலையை என்ற பௌதிகவியல் சேரின் திருத்தம் நியாயமானது. தாதிய மாணவர் கையேட்டில் 'தோல்வெப்பநிலைப் படம்' என்று வரும். ஐயாவின் மறுப்பையும் கோப்பில் சேர்த்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று இடிக்கிறது. எங்களுக்கு 'விறைப்பு' என்றால் உணர்வு போவது. தமிழ்நாட்டு நண்பர்களுக்கு அது விடைத்து நிற்பது. 'மரத்துப்போதல்' என்று போட்டால் எங்கள் அம்மாமாருக்கு விளங்குமா? வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.