தலைப்பில் கேள்விக்குறி போட்டால் என்ன அர்த்தம்?

காகிதப்பூனை:
‘வட்டி விகிதம் குறைகிறதா?’ என்று கொட்டை எழுத்தில் ஒரு தலைப்பு. சரி, குறையப்போகிறது போல என்று உள்ளே போய்ப் படித்தால், கடைசிப் பத்தியில் ‘இன்னும் முடிவெடுக்கவில்லை’ என்று இருக்கிறது. நிருபர் தெரிந்தேதான் இப்படி எழுதுகிறாரா? அப்புறம், தலைப்பில் ஒரே ஒரு சொல்லை மட்டும் மேற்கோள் குறிக்குள் போடுகிறார்களே, அது எதற்கு?

மேசைவிளக்கு:
நிருபரைத் திட்டாதீர்கள், பெரும்பாலும் தலைப்பு வைப்பது அவர் இல்லை. செய்தி டெஸ்க்குக்கு (அதைத் திருத்திப் பக்கத்தில் சேர்க்கும் பிரிவு) வந்த பிறகு அங்கே இருக்கும் உதவி ஆசிரியர், பக்கத்தில் எவ்வளவு இடம் இருக்கிறதோ அதற்குள் அடங்குகிற மாதிரி வைப்பார், அதுவும் அச்சுக்குப் போகிற அவசரத்தில். கேள்விக்குறி வந்தாலே ‘எங்களிடம் உறுதியான தகவல் இல்லை, ஆனால் இந்தச் செய்தியை விடவும் மனசில்லை’ என்று எடுத்துக்கொள்ளுங்கள். இயன் பெட்டரிட்ஜ் என்ற பத்திரிகையாளர் 2009இல் சொன்னது இதற்காகவே பிரபலமானது: கேள்விக்குறியில் முடியும் எந்தத் தலைப்புக்கும் ‘இல்லை’ என்று பதில் சொல்லிவிடலாம். எப்போதும் பொருந்தாது, ஆனால் உங்கள் வட்டித் தலைப்புக்குப் பொருந்துகிறது பாருங்கள். மேற்கோள் குறி வேறு கதை. ‘ஊழல்’ என்று குறிக்குள் போட்டால் அது பெரும்பாலும் யாரோ சொன்ன குற்றச்சாட்டு, பத்திரிகை அதற்குப் பொறுப்பேற்கவில்லை. யார் சொன்னது என்பது முதல் இரண்டு பத்திக்குள் இல்லையென்றால் நான் மேலே படிப்பதே இல்லை.

ஒற்றைக்கொம்பு:
கேள்விக்குறியாவது பரவாயில்லை, போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1948 அமெரிக்க அதிபர் தேர்தல் இருக்கிறது. அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் சிகாகோ டெய்லி ட்ரிப்யூன் வழக்கத்தைவிட முன்கூட்டியே அச்சுக்குப் போக வேண்டியிருந்தது, முடிவு தெரிவதற்கு முன்பே ட்ரூமனை டூயி தோற்கடித்தார் என்று முதல் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். ஜெயித்தது ட்ரூமன். அந்தப் பத்திரிகையைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தபடி அவர் நிற்கும் படம் இன்றைக்கும் சுற்றுகிறது.

வாலறுந்த பட்டம்:
எனக்கு எரிச்சல் தருவது வேற்றுமை உருபை விழுங்குவது. ‘அதிகாரி தாக்கிய வியாபாரி கைது’. யார் யாரைத் தாக்கினார்? இலக்கணப்படி அடி வாங்கியவர் வியாபாரி. எழுதியவர் சொல்ல நினைத்தது ‘அதிகாரியைத் தாக்கிய வியாபாரி’யாக இருக்கலாம். ஓர் ‘ஐ’ போட இடமில்லையாம், அடித்தவரும் அடிபட்டவரும் இடம் மாறிவிடுகிறார்கள்.

காகிதப்பூனை:
@மேசைவிளக்கு நன்றி. ஆனால் இணையத்தில்தான் இடப்பிரச்சினையே இல்லையே, அங்கே ஏன் இப்படி?

மேசைவிளக்கு:
அங்கே பிரச்சினை கிளிக். ஒரே செய்திக்கு இரண்டு மூன்று தலைப்பு வைத்து, எதை அதிகம் பேர் தட்டுகிறார்கள் என்று பார்த்துவிட்டு மற்றதைத் தூக்கிவிடுகிற தளங்கள் உண்டு. தலைப்பை மாற்றினாலும் இணைப்பு முகவரியில் சில சமயம் பழையதே தங்கிவிடும், அடுத்த முறை அதையும் ஒரு பார்வை பாருங்கள்.