மறு: மறு: ‘டோட்டல் ஆல்கலினிட்டி’ – வெள்ளிக்குள் ஒரு சொல் தேவை

நண்பர்களே,
கடல் அமிலமாதலை அளக்கச் சிறு ஆய்வகங்களுக்கென்று உருவான ‘கோவா-ஆன்’ (உலகக் கடல் அமிலமாதல் கண்காணிப்பு வலையமைப்பு) கருவிப்பெட்டியை ஒட்டி, இளநிலை மாணவர்களுக்குச் செய்முறைத் தாள் தயாராகிறது. அதில் டோட்டல் ஆல்கலினிட்டியை ‘மொத்தக் காரத்தன்மை’ என்று போட்டால், நீரின் அமில-கார நிலையைக் காட்டும் பி.எச். என்றே எடுத்துக்கொள்கிறார்கள். கரியமில வாயு கரைந்தால் பி.எச். இறங்கும், ஆல்கலினிட்டி அசையாது. நீர் எவ்வளவு அமிலத்தை வாங்கிச் செரிக்கும் என்பதே அது; திறந்த கடலில் கிலோவுக்குச் சுமார் 2300 மைக்ரோமோல்.

———
> வாங்கிச் செரிக்கும்

அப்படியானால் ‘அமிலத்தாங்கல்’. வேற்றுமைத் தொகை, வலி மிகும். ஏரிக்கும் தாங்கல் என்று பெயருண்டு. பழவந்தாங்கல், வேடந்தாங்கல்...

———
வேடந்தாங்கலில் தங்கியது வேடரா, தாங்கியது நீரா என்பதை வேறு இழையில் பார்ப்போம். பாடநூலில் பஃபருக்கு ‘தாங்கல் கரைசல்’ ஏற்கெனவே இருக்கிறது. பி.எச். மின்முனையை 4, 7, 10 பி.எச். தாங்கல்களில் சரிபார்த்துக் கடல்நீரில் விட்டால், உப்புச் செறிவு வேறென்பதால் அளவு பிசகும். செயற்கைக் கடல்நீரில் ‘டிரிஸ்’ என்னும் வேதிப்பொருளைக் கலந்த தாங்கல் வேண்டும். அடுத்த வரியிலேயே ‘அமிலத்தாங்கல்’ வந்தால் பிள்ளைகள் கடல்நீரை விட்டுவிட்டு டிரிஸ் புட்டியில் அமிலம் விட்டு அளப்பார்கள்.

———
காரமே வடசொல், மிளகாயையும் இழுத்து வரும். ‘களர்மை’ எனலாமே? உழவர் சொல், குறளிலும் உண்டு.

———
குறளில் கல்லாதவருக்கு உவமையாக வருகிறது, ஐயா. களர்மண் என்றாலே பி.எச். 8.5-க்கு மேல் என்றுதான் படிக்கிறார்கள். மறுபடி அதே குழி.

செய்முறையிலிருந்து பெயரை எடுங்கள். 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை பி.எச். 3.5 வரை விட்டு, காற்றைக் குமிழவிட்டுக் கரியமில வாயுவை விரட்டி, பிறகு 3.0 வரை சிறுகச் சிறுக விடுகிறோம். குமிழவிடாமல் அவசரப்பட்டால் மிஞ்சிய வாயு கணக்கைக் கெடுக்கும். கடைசியில் எழுதிக்கொள்வது நீர் ஏற்ற அமிலத்தின் அளவை. ஆகவே ‘அமில ஏற்பளவு’.

———
அமிலமும் வடசொல்தான். ‘புளிம ஏற்பளவு’.

———
அலமாரியில் அமிலப் புட்டிமேல் ‘புளிமம்’ என்று ஒட்டுவீர்களா, அம்மா? பக்கத்திலேயே, கெடாதிருக்க மெர்க்குரிக் குளோரைடு கலந்த கடல்நீர் மாதிரிகள் இருக்கும். 500 மி.லி.க்கு 0.1 மி.லி.தான், ஆனாலும் கொடிய நஞ்சு. அந்த அறையில் சமையலறைச் சொல் வேண்டாம்.

———
இலங்கையில் பேஸ் ‘மூலம்’, ஆல்கலி ‘காரம்’. அங்கே இவ்வளவு குழப்பம் வராது.

———
தாளில் முதல் இடத்தில் மட்டும் ‘மொத்தக் காரத்தன்மை, அதாவது அமில ஏற்பளவு’, பிறகெல்லாம் ‘ஏற்பளவு’. நான்கு பேர் சரி என்றுவிட்டார்கள்.

———
பதிவுக்காக: அமிலத்தாங்கல்தான் சரி. அதோடு, கடலின் பி.எச். தொழிற்புரட்சிக்கு முன் 8.2, இப்போது 8.1. கடல் இன்னும் காரப்பக்கம்தான் நிற்கிறது. தாளின் தலைப்பில் ‘அமிலமாதல்’ என்பதை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்?

———
அட்டை அச்சாகிவிட்டது, ஐயா.