வீட்டில் நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் எல்லாரும் பகிர்ந்துகொள்ளும் சேமிப்புப் பெட்டி) வைத்திருப்போர் தங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மதுரையிலிருந்து:

படங்களை வரம்பின்றி இலவசமாக வைத்துக்கொள்ளும் வசதியைக் கூகுள் ஃபோட்டோஸ் 2021 ஜூன் 1 முதல் நிறுத்தியபோதுதான், எங்கள் குடும்பத்தின் படங்கள் எங்கெங்கே கிடக்கின்றன என்று முதன்முறையாகக் கணக்கெடுத்தேன். ஏழு பேர் உள்ள வீடு. ஆறு கைப்பேசிகள், மூன்று மடிக்கணினிகள், அலமாரியில் நான்கு வெளி வன்தட்டுகள். தம்பியின் திருமணப் படங்கள் மட்டும் ஐந்து இடங்களில் இருந்தன, எந்த இடத்திலும் முழுமையாக இல்லை. அதன் பிறகு இரண்டு வன்தட்டுகள் பொருத்தக்கூடிய நாஸ் பெட்டி ஒன்றையும் 4 டிபி வன்தட்டுகள் இரண்டையும் வாங்கி, ஒன்றில் எழுதுவது மற்றொன்றிலும் அப்படியே எழுதப்படும் ரெய்டு 1 முறையில் அமைத்தேன். புதிதாக வாங்குவோர் குழம்ப வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்: பயன்படுத்தக் கிடைக்கும் இடம் 8 டிபி அன்று, 4 டிபிதான், அதுவும் திரையில் 3.63 என்றே தெரியும். தட்டு செய்பவர் ஆயிரத்தால் பெருக்குகிறார், கணினி 1024ஆல் வகுக்கிறது. இடம் ஒன்றும் காணாமற்போகவில்லை.

முதல் நாளே ஒரு சிக்கல். ஏறத்தாழ 900 ஜிபி கோப்புகளை மாற்றத் தொடங்கினேன். வேகம் நொடிக்கு 11 எம்பிக்கு மேல் ஏறவில்லை. அந்த வேகத்தில் ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும். பெட்டியிலும் ரவுட்டரிலும் கிகாபிட் (நொடிக்கு 1000 மெகாபிட்) என்று எழுதியிருந்ததால் வன்தட்டில்தான் குறை என்று நினைத்து, திருப்பிக் கொடுக்கக்கூட எண்ணினேன். கடைசியில் சுவரிலிருந்து வரும் கேபிளின் முனையைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே நான்கு ஜோடிக் கம்பிகள் இருக்க வேண்டும். ஆரஞ்சும் பச்சையும் மட்டும் இணைக்கப்பட்டிருந்தன. நீலமும் பழுப்பும் உறையோடு சேர்த்து நறுக்கி விடப்பட்டிருந்தன. வீடு கட்டும்போது வயரிங் செய்தவர், இணையம் வருவதற்கு இரண்டு ஜோடி போதும் என்று அப்படிச் செய்திருக்கிறார். அது நொடிக்கு 100 மெகாபிட்டுக்கு, அதாவது ஏறத்தாழ 11 எம்பிக்குப் போதும். கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பிகளும் வேண்டும். இரு முனைகளிலும் புதிய ஆர்ஜே-45 இணைப்பான் போட்டு எட்டையும் கிரிம்ப் செய்த பிறகு வேகம் 110 எம்பியைத் தொட்டது. மிச்சமிருந்தவை அன்று மாலைக்குள் ஏறிவிட்டன. எனவே 11 என்ற எண்ணைக் கண்டால் நாஸைச் சந்தேகிப்பதற்கு முன் கேபிளைப் பாருங்கள். ரவுட்டரின் பின்புறத் துளைகளையும் பாருங்கள். இணைய இணைப்போடு வீட்டுக்கு வரும் சில ரவுட்டர்களில் அவையே 100 மெகாபிட் துளைகளாக இருக்கும்.

இரண்டாவது அனுபவம் என்னை உண்மையிலேயே நடுங்க வைத்தது. தம் மடிக்கணினியில் இடம் போதவில்லை என்று கருதிய அப்பா, பகிர்வுக் கோப்புறையில் இருந்த திருமணப் படங்களைத் தம் கணினியில் இருப்பவை என்றே எண்ணி அழித்துவிட்டார். நெட்வொர்க் வழியாக அழிக்கப்படும் கோப்பு விண்டோஸின் குப்பைத்தொட்டிக்குப் போகாது, நேராகவே போய்விடும். இரண்டு தட்டுகள் இருந்தும் பயனில்லை. எழுதுவதைப் போலவே அழிப்பதையும் ரெய்டு அந்த நொடியிலேயே இரண்டிலும் செய்துவிடுகிறது. நாஸிலேயே பகிர்வுக் கோப்புறைக்கென்று தனிக் குப்பைத்தொட்டி ஒன்று உண்டு; அமைக்கும்போது அதை இயக்கி வைத்திருந்ததால் படங்கள் திரும்பக் கிடைத்தன. அப்பா அன்று இரவு சாப்பிடவில்லை. குற்றம் அவருடையது அன்று. ஏழு பேருக்கும் எல்லாவற்றையும் அழிக்கும் உரிமையைக் கொடுத்து வைத்திருந்த என்னுடையது. இப்போது பழைய படங்கள் உள்ள கோப்புறையில் எல்லாரும் பார்க்கலாம், படியெடுக்கலாம், மாற்ற முடியாது. ‘புதியவை’ என்ற ஒரு கோப்புறையில் மட்டும் எல்லாரும் எழுதலாம். மாதம் ஒருமுறை நான் அங்கிருந்து எடுத்து அடுக்குகிறேன். ஒவ்வோர் இரவும் ஸ்னாப்ஷாட், அதாவது கோப்புகளின் அந்நேரத்து நிலை, பதிவாகிறது.

தொலைக்காட்சியில் படம் பார்ப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாஸில் உள்ள காணொளிகளைத் தொலைக்காட்சிக்கு அனுப்பும் ஜெல்லிஃபின் என்ற நிரலை நிறுவியிருக்கிறோம். எச்265 என்ற சுருக்க முறையில் கைப்பேசிகள் எடுக்கும் காணொளிகளை எங்கள் பழைய தொலைக்காட்சியால் நேரடியாகப் படிக்க முடியாததால், நாஸ் அவற்றை ஓடும்போதே மாற்றித் தர முயன்று திணறியது. தொலைக்காட்சியில் ஒரு சிறு ஸ்ட்ரீமிங் கருவியைச் செருகியதும் அந்தத் தொல்லை தீர்ந்தது. அக்காவின் திருமண விசிடிகளும் இப்போது அதில் இருக்கின்றன. 352க்கு 288 புள்ளி அளவுள்ள மங்கலான படந்தான், ஆனாலும் தாத்தா நடந்து வரும் காட்சி வேறெங்கும் இல்லை.

கோயம்புத்தூரிலிருந்து:

மதுரை நண்பர் மின்சாரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பெரிய பாடமாக அமைந்தது. வீட்டில் இன்வெர்ட்டர் இருப்பதால் நாஸுக்குத் தனியாக எதுவும் தேவையில்லை என்று ஓராண்டு முழுவதும் நினைத்திருந்தேன். பத்து நிமிடம், அரை மணி நேர வெட்டுகளில் அது உண்மையாகவும் இருந்தது. ஒரு மழைநாளில் டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகி ஐந்து மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் வரவில்லை. மின்விசிறிகளும் ஓடிக்கொண்டிருந்ததால் பேட்டரி முழுவதும் வடிந்து, நாஸ் எழுதிக்கொண்டிருந்த நிலையிலேயே அணைந்தது. மின்சாரம் திரும்பியதும் இரண்டு தட்டுகளும் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கின்றனவா என்ற சோதனை தானாகத் தொடங்கி மறுநாள் காலை வரை ஓடியது. அன்று எடுத்துச் சேர்த்த சில கோப்புகள் திறக்கவே இல்லை.

இன்வெர்ட்டர் மின்சாரம் தரும். தன் பேட்டரி தீரப்போகிறது என்று நாஸிடம் சொல்லாது. அதைச் சொல்வதற்கு யுஎஸ்பி வழியாகத் தகவல் தரும் யுபிஎஸ் வேண்டும். கடையில் முதலில் எடுத்துக் காட்டிய மலிவான யுபிஎஸ்களில் அந்த யுஎஸ்பி துளையே இல்லை. கேட்டு வாங்க வேண்டியிருந்தது. அத்துடனும் வேலை முடியவில்லை. எங்கள் பழைய இன்வெர்ட்டர் சதுர அலை தருவது. அதை நல்ல மின்சாரமாக யுபிஎஸ் ஏற்றுக்கொள்ளவில்லை. வெட்டு வந்த உடனேயே தன் பேட்டரிக்கு மாறிக் கத்தத் தொடங்கியது. சைன் அலை இன்வெர்ட்டருக்கு மாறிய பிறகே இரண்டும் ஒத்துப்போயின. இப்போது இன்வெர்ட்டர் ஓயும் நொடியில் யுபிஎஸ் பொறுப்பேற்கிறது, ஐந்து நிமிடம் காத்திருந்து நாஸ் தானே முறையாக அணைந்துகொள்கிறது. இதைக் காகிதத்தில் நம்பாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவர் சுவிட்சை அணைத்து, கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்து சோதித்துப் பார்த்தேன். யுபிஎஸ் வைத்திருக்கும் எல்லாரும் அப்படி ஒருமுறை செய்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தஞ்சாவூரிலிருந்து:

நான் சொல்லப்போவது தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு நேரும் சிக்கல் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நானும் என் தங்கையும் பத்தாண்டுகளுக்கும் மேலாக ஊர் ஊராகச் சென்று எடுத்த கோயில் படங்களை ஒரே நாஸில் சேர்க்க முடிவுசெய்தோம். என்னிடம் விண்டோஸ் கணினி. தங்கையிடம் பழைய மேக். அவள் தன் படங்களை ஆர்சிங்க் என்ற கோப்பு அனுப்பும் நிரல் வழியாக அனுப்பினாள். மறுநாள் திறந்து பார்த்தால் ‘கோயில்’ என்ற பெயரில் இரண்டு கோப்புறைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. எழுத்துக்கு எழுத்து ஒன்றே. ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு எப்படி இருக்க முடியும் என்று எனக்கு விளங்கவில்லை. தேடல் பெட்டியில் ‘கோயில்’ என்று தட்டினால் என்னுடையது மட்டும் வந்தது, தங்கையுடையது வரவில்லை.

காரணம் ‘கோ’ என்ற எழுத்தில் இருந்தது. கணினியில் எழுத்துகளுக்குக் குறியீடு தரும் யூனிகோடு முறையில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். முன்னால் வரும் இரட்டைக் கொம்பையும் பின்னால் வரும் காலையும் இரண்டு குறியீடுகளாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. விண்டோஸில் நான் தட்டியது சேர்ந்த வடிவம். எச்எஃப்எஸ் பிளஸ் என்ற பழைய மேக் வட்டு அமைப்பு எல்லாப் பெயர்களையும் பிரித்தே வைத்திருந்தது. நாஸில் உள்ள லினக்ஸ் இயங்குதளத்துக்குப் பெயர் என்பது வெறும் பைட்டுகளின் வரிசை: என் ‘கோயில்’ 18 பைட், தங்கையின் ‘கோயில்’ 21 பைட், ஆகவே அவை அதற்கு வேறு வேறு பெயர்கள். ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் மூன்றுக்கும் இதே நிலைதான். ‘சோழர்’, ‘தொண்டை நாடு’, ‘கோபுரம்’ என்று எங்கள் கோப்புறைகளில் பாதி இரட்டைப் பிறவிகளாகிவிட்டன. கடவூர், திருவையாறு போன்றவை மட்டும் தப்பின.

கன்வ்எம்வி என்ற சிறு நிரலால் பிரிந்த பெயர்களையெல்லாம் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றினேன். சேர்ந்த வடிவில் அதே பெயர் ஏற்கெனவே இருந்த இடங்களில் மட்டும் கையால் ஒன்றாக்க வேண்டியிருந்தது. மூன்று மாலைப்பொழுதுகள் ஆயின. மேக்கிலிருந்து மறுபடி அனுப்பும்போது ஆர்சிங்க் மூன்றாம் பதிப்பில் உள்ள ஐகான்வ் விருப்பத்தைக் கொடுத்தால் அனுப்பும்போதே பெயர்கள் சேர்ந்துவிடுகின்றன. அந்த மேக்கோடு வந்த பழைய பதிப்பில் அந்த விருப்பம் இல்லாததால் புதியதை நிறுவினோம்.

இன்னொன்று. கோப்புறையைப் பூட்டி வைக்க மறையாக்கத்தை இயக்கியபோது, நீண்ட பெயருள்ள கோப்புகளை நாஸ் ஏற்க மறுத்தது. வழக்கமாக ஒரு பெயருக்கு 255 பைட் வரை இடமுண்டு. எங்கள் பெட்டி பயன்படுத்தும் ஈக்ரிப்ட்எஃப்எஸ் முறையில் அது 143 பைட்டாகக் குறைகிறது. தமிழில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் எடுக்கும். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகள். ஆக மொத்தம் 47 குறியீடுகள், நாம் எண்ணும் கணக்கில் முப்பதுக்குச் சற்றுக் கூடுதலான எழுத்துகள். ஊர், இறைவன் பெயர், கல்வெட்டு இருக்கும் சுவர் என்று விரிவாகப் பெயரிடும் என் வழக்கத்துக்கு அது போதவில்லை. மறையாக்கத்தை விலக்கவில்லை; விவரங்களைப் படத்துக்குள்ளேயே குறிப்பாக எழுதிவிட்டுப் பெயரைச் சுருக்கிக்கொண்டேன். ஆங்கிலத்தில் பெயர் வைத்தால் இத்தனை தொல்லை இல்லை என்று நண்பர்கள் சொன்னார்கள். எங்கள் ஊரின் கோயிலை எங்கள் எழுத்தில் எழுதித் தேடுவதற்குத்தான் இந்த உழைப்பெல்லாம். அதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

சென்னையிலிருந்து:

2015 டிசம்பர் 1 இரவு அடையாற்று வெள்ளம் எங்கள் தரைத்தளத்துக்குள் வந்தபோது அம்மாவையும் மருந்துகளையும் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறினோம். நாஸ், தொலைக்காட்சி மேசையின் கீழ்த்தட்டில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்தது. ஓடிக்கொண்டிருந்த அதை அணைக்கக்கூட நேரமில்லை. தண்ணீர் வடிந்த பின் திறந்தபோது, வன்தட்டின் மேல் மூடியில் காற்றுக்காக விட்டிருக்கும் சிறு துளையைச் சேறு அடைத்திருந்தது. ஊசியால் எடுத்தபோது உள்ளேயிருந்து நீர் கசிந்தது. இரண்டு தட்டுகளும் அப்படியே. தரவு மீட்பவர்கள் கேட்ட தொகையைக் கொடுக்கும் நிலையில் நாங்கள் அன்று இல்லை.

போனவற்றில் எனக்கு இன்றும் ஆறாதது பழைய வீடியோ கேமராவின் மினிடிவி நாடாக்கள். ஒரு மணி நேர நாடா 13 ஜிபி வரும். இருபத்திரண்டு நாடாக்களை ஓடவிட்டு ஓடவிட்டு நானே ஏற்றியிருந்தேன். நாடாக்களும் அதே மேசையில்தான் இருந்தன.

புதிய நாஸ் வாங்கியபோது முதலில் முடிவு செய்தது, இரண்டாவது நகல் எங்கே இருக்கும் என்பதைத்தான். திருச்சியில் அக்கா வீட்டில் ஒரு பழைய நாஸை வைத்தோம். முதல் நகலை இங்கேயே ஏற்றி, மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் கொண்டுபோனேன். இணையத்தில் அனுப்பினால் வாரக்கணக்கில் ஆகியிருக்கும். அதன் பிறகு நாள்தோறும் இரவு இரண்டு மணிக்கு, அன்று மாறியவை மட்டும் போகின்றன. அக்கா வீட்டு இணைப்புக்குத் தனிப் பொது முகவரி இல்லாததால், டெயில்ஸ்கேல் என்ற தனிப்பட்ட நெட்வொர்க் சேவை வழியாக இரண்டு பெட்டிகளையும் இணைத்திருக்கிறோம். இணையத்திலிருந்து உள்ளே வர ரவுட்டரில் எந்தக் கதவையும் திறந்து வைக்கவில்லை. வெளியே திறந்து வைத்த வீட்டு நாஸ்களைத் தேடிப் பூட்டிப் பணம் கேட்ட டெட்போல்ட் தாக்குதல் 2022இல் எத்தனை பேரைப் பாதித்தது என்பதை இங்கே பலரும் அறிவீர்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மீண்டும் தண்ணீர் வந்தது. இம்முறை நாஸ் மாடிப் பரணில் இருந்தது, நனையவில்லை. ஆனாலும் அன்று இரவு நான் செய்தது ஒன்றுதான்: கைப்பேசியில் சிக்னல் கிடைத்த சில நிமிடங்களில் திருச்சியில் உள்ள நகலைத் திறந்து, அப்பாவின் ஒரு படம் வருகிறதா என்று பார்த்தேன். வந்தது.

மதுரையிலிருந்து, மீண்டும்:

தஞ்சை நண்பர் எழுதியதைப் படித்த பின் என் பெட்டியில் தேடிப் பார்த்தேன். தம்பியிடமும் மேக் இருக்கிறது. ‘பொங்கல்’, ‘கொடைக்கானல்’, ‘தோட்டம்’ என்ற மூன்று கோப்புறைகள் இரண்டிரண்டாக இருக்கின்றன. இந்த வாரம் சரிசெய்துவிடுவேன். சென்னை நண்பரின் பதிவை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். எங்கள் இரண்டாவது நகலை நாகர்கோவிலில் சித்தப்பா வீட்டில் வைக்கலாம் என்று அவரே தொலைபேசியில் பேசிவிட்டார். 4 டிபி வெளி வன்தட்டு ஒன்றில் இப்போது ஏற்றிக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமை பேருந்தில் அப்பா எடுத்துப் போகிறார்.