ஃபீட்பேக்: ஒரு சொல்லா, இரண்டா, மூன்றா? விண்வெளி ராக் மேடைக்கான கலைச்சொல் விவாதம்

மடல் 1

அன்பின் குழுமத்தினருக்கு,

நம் மேடை இசைச் சொற்பட்டியலில் 'ஃபீட்பேக்' என்பதற்கு எதிரே 'பின்னூட்டம்' என்று ஒரே ஒரு சொல் நிற்கிறது. அதைப் பிரிக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. மின்னணு விண்வெளி ராக் (நீண்டு மிதக்கும் எதிரொலியும் மின்னணு ஒலியும் நிறைந்த ராக் இசை) வாசிக்கும் குழுக்களின் மேடையை வைத்துப் பேசுகிறேன். சிக்கல் அங்கேதான் முற்றிக் கிடக்கிறது.

டிலே என்கிற எதிரொலிப்பான், உள்ளே வந்த ஒலியைச் சில நூறு மில்லிநொடி பிடித்துவைத்து வெளியே விடுகிறது. வெளியே போவதில் ஒரு பங்கைத் திரும்பத் தன் வாய்க்கே ஊட்டிக்கொள்கிறது. எவ்வளவு பங்கு என்பதை ஃபீட்பேக் குமிழ் தீர்மானிக்கும். பாதி திரும்பினால் ஒவ்வொரு எதிரொலியும் முந்தையதைவிட 6 டெசிபெல் தாழும்; பத்துச் சுற்றில் 60 டெசிபெல் இறங்கிக் காதுக்கு எட்டாமல் போய்விடும். இடைவெளி 400 மில்லிநொடி என்றால் நான்கே நொடி. பத்தில் ஒன்பது பங்கு திரும்பினால் சுற்றுக்கு 0.9 டெசிபெல்தான் இழப்பு. அதே 60 டெசிபெல் இறங்க 66 சுற்று, ஏறத்தாழ 26 நொடி ஆகும். முழுப்பங்கும் திரும்பினால் ஒலி அணைவதே இல்லை. அதையும் தாண்டினால், யாரும் எதையும் வாசிக்காமலே கருவியின் சொந்த இரைச்சலிலிருந்து ஒலி முளைத்து, வளர்ந்து, கருவி தாங்கும் உச்சத்தில் போய் நிற்கும்.

விண்வெளி ராக்கின் உயிர் இந்த எல்லைக்கோட்டில் இருக்கிறது. 1969-இல் லண்டனில் தொடங்கிய ஹாக்விண்ட் குழுவில் டிக் மிக் மேடையில் இயக்கியது ஒலி இயற்றியும் எதிரொலிப்பானும்தான். அவற்றில் வாசிக்கக் கட்டைகளே கிடையாது. குமிழைத் திருப்புவதே வாசிப்பு.

இனி மற்ற ஃபீட்பேக். மானிட்டர் என்பது பாடகர் தன் குரலைத் தானே கேட்க மேடையில் அவரை நோக்கி வைக்கும் ஒலிபெருக்கி. பாடகரின் மைக் அதிலிருந்து வரும் ஒலியைத் திரும்பப் பிடிக்க, அது பெருகி மீண்டும் மானிட்டரில் வர, விழாக் கூடாரமே காதைப் பொத்திக்கொள்கிறது. கலைஞர் விரும்பி அழைப்பதற்கும் எல்லாரும் அஞ்சி ஓடுவதற்கும் ஒரே பெயர். வாசிப்பவர் ஒலிமேசைப் பக்கம் திரும்பி "ஃபீட்பேக்!" என்று கத்தினால், ஏறிக்கொண்டிருக்கும் எதிரொலியை வெட்டச் சொல்கிறாரா, மானிட்டரைக் குறைக்கச் சொல்கிறாரா? இருட்டில் அவர் முகமும் தெரியாது.

குமிழுக்கு 'மீளூட்டு', கூச்சலுக்கு 'ஊளை' என்று முன்வைக்கிறேன்.

மடல் 2

நண்பர்களுக்கு வணக்கம்.

முன்மொழிந்தவரின் அக்கறை புரிகிறது. ஆனால் பள்ளி இயற்பியல் பாடநூல்களில் பல காலமாக 'பின்னூட்டம்' நிலைபெற்றிருக்கிறது. அலை இயற்றி எப்படி இயங்குகிறது என்று படிக்கும் பிள்ளை பார்க்ஹௌசன் நிபந்தனையைப் படிக்கிறது: சுற்றில் ஒருமுறை போய்வரும்போது பெருக்கம் ஒன்றுக்குக் குறையாமலும், கட்டம் (அலையின் ஏற்ற இறக்க நிலை) முழுச்சுற்றாகவும் இருந்தால் அலைவு நிலைக்கும். எதிரொலிப்பானுக்குள் நடப்பதும் இதுவே, மைக்குக்கும் மானிட்டருக்கும் இடையில் நடப்பதும் இதுவே. ஒன்றில் சுற்று கம்பியில் ஓடுகிறது, மற்றதில் பாதி வழி காற்றில் ஓடுகிறது. மானிட்டருக்கும் மைக்குக்கும் ஒரு மீட்டர் இருந்தால் காற்றில் கடக்க 2.9 மில்லிநொடி, ஆகவே ஊளை எழக்கூடிய இடங்கள் ஏறத்தாழ 340 ஹெர்ட்ஸ் இடைவெளியில் வரிசையாக அமையும். எதிரொலிப்பானில் 400 மில்லிநொடி என்றால் அந்த இடைவெளி 2.5 ஹெர்ட்ஸ். கணக்கு ஒன்றேதான்.

ஒரே இயற்பியலுக்கு இரண்டு பெயர் வைத்தால் பிள்ளைகள் இரண்டும் வேறு என்று நினைத்துவிடுவார்கள். 'நேர்ப் பின்னூட்டம்' என்ற ஒரே தாய்ச்சொல்லின் கீழ் இரண்டையும் வைக்கலாமே.

வலைப்பதிவுக் காலத்திலிருந்து பின்னூட்டம் என்றால் வாசகர் கருத்து என்ற பொருள் பரவிவிட்டது உண்மை. அதற்காகப் பாடநூல் சொல்லைக் கைவிட வேண்டியதில்லை.

மடல் 3

வணக்கம் ஐயா.

கணக்கு ஒன்று என்பதில் மறுப்பில்லை. ஆனால் கை போகும் இடம் வேறு. மைக்செட் வேலை பார்ப்பவருக்குச் சொல் என்பது அடுத்த நொடி எந்தக் குமிழைத் தொட வேண்டும் என்பதற்கான கட்டளை.

மைக் கூவினால் செய்ய வேண்டியவை தெரிந்தவைதான். முன்பக்க ஒலியையே அதிகம் பிடிக்கும் கார்டியாய்டு மைக் என்றால் அதன் நேர்ப்பின்புறம் காது கேட்காது. மானிட்டரைப் பாடகருக்கு நேர்எதிரே வைக்கலாம். அதைவிடக் குறுகலாகப் பிடிக்கும் சூப்பர்கார்டியாய்டுக்குச் செவிட்டுப் பக்கம் நேர்ப்பின்னால் இல்லை, 126 பாகை அளவில் இருபுறமும் இருக்கிறது. மானிட்டர்களைச் சாய்த்து வைக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் மைக்கை மட்டும் மாற்றிவிட்டு, புது மைக் கூவுகிறது என்று குறைசொல்வது அடிக்கடி நடக்கிறது. திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பானால் ஊளை எழுமுன் ஒலியை ஏற்றக் கிடைக்கும் இடம் 3 டெசிபெல் குறையும். தேவையற்றதை மூடிவைக்க வேண்டும். வாயிலிருந்து 10 செ.மீ. தள்ளியிருக்கும் மைக்கை 5 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் 6 டெசிபெல் இலவசமாகக் கிடைக்கிறது. கடைசி வேலைதான் 31 பட்டை சமன்படுத்தி (ஒலியை அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்துத் தனித்தனியே ஏற்றி இறக்கும் கருவி): ஒலியை மெல்ல ஏற்றி, முதலில் கூவும் பட்டையை 3 டெசிபெல் இறக்கி, அடுத்ததைத் தேடி, மூன்று நான்கு பட்டையோடு நிறுத்தி, பிறகு மொத்தத்தையும் 6 டெசிபெல் தாழ்த்தி வைக்க வேண்டும். அதற்கு மேல் வெட்டினால் பாட்டுக் குரல் தகரமாகிவிடும்.

இந்த வைத்தியம் எதுவும் எதிரொலிப்பானின் ஓயாத ஒலிக்குப் பொருந்தாது. சிந்தசைசர்காரரின் மேசையிலேயே எதிரொலிப்பான் இருக்கிறது; மைக் இல்லாமல் கருவியை நேரே ஒலிமேசையோடு இணைக்கும் டி.ஐ. பெட்டி வழியாக முடிந்த ஒலிதான் ஒலிமேசைக்கு வருகிறது. 800 ஹெர்ட்ஸில் ஒரு சுரம் ஏறுவதைக் கேட்டு, ஊளை என்று நினைத்துச் சமன்படுத்தியில் அந்தப் பட்டையை வெட்டினால், வெட்டுப்பட்டது இசை. இது புது ஒலிமேசைக்காரர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. சந்தேகம் வந்தால் பாட்டு மைக்கை ஒரு நொடி மூடிப் பாருங்கள். நின்றால் ஊளை; நிற்காவிட்டால் அது கலைஞரின் வேலை, தொடாதீர்கள்.

மூன்றாவது நிலைமை ஒன்று இருக்கிறது, அதுதான் பொல்லாதது. பாட்டு மைக்கே எதிரொலிப்பானுக்குள் போய், அதன் வெளியீடு பாடகரின் மானிட்டருக்கும் போனால், ஒரு சுற்றுக்குள் இன்னொரு சுற்று மாட்டிக்கொள்கிறது. ஊளை எதிரொலிப்பானுக்குள் புகுந்துவிடும். மைக்கை மூடினாலும் உள்ளே பிடிபட்டது திரும்பத் திரும்ப வரும். இதற்கு வழி, எதிரொலியை முன்புற ஒலிபெருக்கிகளுக்கு மட்டும் அனுப்புவது. பாடகரின் மானிட்டரில் வெறும் குரல் போதும். மீறி மாட்டிக்கொண்டால், முதலில் மைக்கிலிருந்து எதிரொலிப்பானுக்குப் போகும் வழியை மூடி, அடுத்ததாக எதிரொலிப்பானின் குமிழைப் பாதிக்குக் கீழே இறக்க வேண்டும். வரிசை மாறினால் வாய் திறந்தே இருக்கும், புது ஊளை உள்ளே போய்க்கொண்டேயிருக்கும். "ஊளையை நிறுத்து, அப்புறம் மீளூட்டைக் குறை" என்று இந்த வரிசையைச் சொல்லவே இரண்டு சொல் வேண்டும் ஐயா. "பின்னூட்டத்தை நிறுத்து, அப்புறம் பின்னூட்டத்தைக் குறை" என்றால் யாருக்குப் புரியும்?

'ஊளை' எனக்குச் சம்மதம். மைக் ஊளையிடுது என்று ஏற்கெனவே சொல்கிறோம். 'மீளூட்டு' மட்டும் நெருடுகிறது. வேகமாகச் சொன்னால் 'மீட்டு' என்று காதில் விழும். இசை மேடையில் 'மீட்டு' என்றால் தந்தியை மீட்டச் சொல்வதாக ஆகிவிடும்.

மடல் 4

அன்பான எல்லோருக்கும் லண்டனில் இருந்து வணக்கம்.

வேறு மொழிக்காரர் இதை ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கினம். பிரெஞ்சில் மேடைக் கூச்சலுக்கு 'லார்சென்' என்றுதான் பெயர். சோரென் அப்சலோன் லார்சென் என்ற டென்மார்க் இயற்பியலாளரின் பெயர் அது. மின்சுற்றுக்கு அவர்களிடம் வேறு சொல் இருக்குது. ஆங்கிலத்திலும் 'ஹவுல்ரவுண்ட்' என்று பழைய ஒலிபரப்பாளர்கள் பிரித்துச் சொன்னவை. கருவி செய்தவர்களே குமிழுக்கு ஒரு பெயரில் ஒன்றுபடவில்லை: 1974-இல் வந்த ரோலண்ட் ஸ்பேஸ் எக்கோவில் அது 'இன்டென்சிட்டி', வேறு சிலவற்றில் 'ரீஜென்' (ரீஜெனரேஷன் என்பதன் சுருக்கம்), இன்னும் சிலவற்றில் 'ஃபீட்பேக்'. ஆகவே நாங்கள் பிரிப்பதில் பிழையில்லை.

இங்கே வார இறுதிச் சிறு விழாக்களின் நிலைமையையும் கணக்கில் எடுங்கோ. இங்கிலாந்திலும் வேல்சிலும் முழு உரிமம் இல்லாமல், உள்ளூராட்சிக்குக் கொடுக்கும் தற்காலிக நிகழ்வு அறிவிப்போடு நடத்தினால், பணியாளரும் கலைஞரும் சேர்த்து ஒரே நேரத்தில் 499 பேருக்கு மேல் நிற்க ஏலாது. அந்த அளவு விழாவில் மானிட்டருக்கென்று தனி ஆள் கிடையாது. ஒரே ஆள், ஒரே ஒலிமேசை. வயலில் கூடாரம், பின்னால் மின்பிறப்பாக்கி, குழுவுக்குக் குழு மாற கால் மணி அல்லது அரை மணி. முழு ஒலிச்சோதனைக்கு நேரமில்லை, மேசையின் ஒவ்வொரு வழியிலும் (சேனலிலும்) ஒலி வருகுதா என்று பார்க்க மட்டுமே முடியும். எனவே எதிரொலிச் சுற்றை வீட்டிலேயே ஒரு சிறிய கலவைமேசையில் கட்டி, இணைப்பைக் கழற்றாமல் பலகையோடு தூக்கி வருவது நல்லது.

கட்டும் முறை இது. கலவைமேசையின் துணை அனுப்பு 1 (ஒரு வழியின் ஒலியில் ஒரு பங்கை வெளிக்கருவிக்கு அனுப்பும் 'ஆக்ஸ் சென்ட்') எதிரொலிப்பானுக்குள் போகட்டும். எதிரொலிப்பானில் நேரொலியை (எதிரொலி சேராத மூல ஒலியை) முழுக்க அணைத்து, அதன் சொந்த ஃபீட்பேக் குமிழைச் சுழியத்தில் வையுங்கோ. வெளியீட்டைத் துணை மீட்பு என்று எழுதிய துளையில் செருகாமல், காலியாக இருக்கும் ஒரு சாதாரண வழியில் செருகுங்கோ. சின்ன மேசைகளில் பெரும்பாலும் அந்தத் துளைக்கு அனுப்புக் குமிழே இராது. இனி அந்த வழியின் துணை அனுப்பு 1 தான் நாங்கள் பெயர் தேடும் குமிழ். அந்த வழியிலேயே தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டும் தாழ்வெட்டுப் பொத்தானை அழுத்திவிடுங்கோ, இல்லையென்றால் ஒவ்வொரு சுற்றிலும் அடிச்சத்தம் திரண்டு ஒலிபெருக்கியை மூச்சடைக்க வைக்கும். நடு அதிர்வெண் குமிழை 800 ஹெர்ட்ஸில் 3 டெசிபெல் உயர்த்தினால் சுற்றுப் பெருக்கம் முதலில் அங்கேதான் ஒன்றைத் தாண்டும், ஒலி அந்தப் பக்கமாகவே பாடும். குமிழை நகர்த்த நகர்த்தப் பாடும் இடமும் நகரும்.

ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. துணை அனுப்பு, நகர்த்திக்கு (வழியின் ஒலியளவை ஏற்றி இறக்கும் 'ஃபேடர்') பின்னால் எடுக்கப்படுகிறதா, முன்னால் எடுக்கப்படுகிறதா? பின்னால் என்றால் நகர்த்தியை இறக்கும்போது சுற்றும் அறுந்து ஒலி செத்துவிடும். 3 டெசிபெல் ஏற்றினால் சுற்றும் 3 டெசிபெல் ஏறி எல்லையைத் தாண்டிவிடும். முன்னால் என்றால் நகர்த்தியை மூடினாலும் உள்ளே ஒலி உயிரோடு சுற்றிக்கொண்டிருக்கும், வேண்டும்போது திறக்கலாம். மேடையில் வாசிக்க, நகர்த்திக்கு முன்னால் எடுப்பதுதான் பாதுகாப்பு. ஒலிநாடாக் கருவி உச்சத்தில் மென்மையாக நிறைவடையும். இலக்கக் கருவி பலவும் கரடுமுரடாக நறுக்கும், அதற்கு மேசையின் வெளியீட்டில், ஒலி ஒரு அளவைத் தாண்டாமல் தடுக்கும் வரம்பி கட்டாயம்.

இப்போது சொல்லுக்கு வாறன். மூன்றாவது ஒரு சொல்லும் வேண்டும்: எல்லையைத் தாண்டித் தானாகவே ஒலிக்கும் நிலைக்கு. அது எதிரொலிப்பானுக்கு மட்டும் உரியதல்ல. 1969-இல் வந்த ஈ.எம்.எஸ். வி.சி.எஸ். 3 சிந்தசைசரில் வடிகட்டியின் குமிழை ஏற்றினால் வடிகட்டியே தூய சுரமாகப் பாடும். ஹாக்விண்டில் டெல் டெட்மர் இயக்கியது அந்தக் கருவியைத்தான். 'தன்னலைவு' என்று வைப்போமா?

மடல் 5

அன்பின் குழுமத்தினருக்கு,

'மீட்டு' என்று காதில் விழும் என்ற தடைக்கு என்னிடம் பதில் இல்லை. மீளூட்டைத் திரும்பப் பெறுகிறேன். 'மறுவூட்டு' என்றால் என்ன? மறுபதிப்பு, மறுநடவு போலத் திரும்பச் செய்வதைக் குறிக்கிறது. 'ஊட்டு' இருப்பதால் பாடநூலின் பின்னூட்டத்தோடு உறவும் அறுந்துபோகவில்லை. ஐயா கேட்ட தாய்ச்சொல் அப்படியே இருக்கட்டும்; பின்னூட்டம் கோட்பாட்டுக்கு, மறுவூட்டு குமிழுக்கு, ஊளை கூச்சலுக்கு.

தன்னலைவு பொருளில் சரி. ஆனால் எழுத்தில் 'தன்னல' வரை படித்தவுடன் கண் தன்னலத்துக்குத் தாவுகிறது. தானியங்கி என்று நாம் ஏற்கெனவே அமைத்திருக்கும் வழியில் 'தானலைவு' என்று வைத்தால் அந்தத் தடுமாற்றம் இல்லை. வடிகட்டிக்கும் பொருந்தும், எதிரொலிப்பானுக்கும் பொருந்தும்.

பட்டியலுக்கு இப்படி எழுதியிருக்கிறேன். திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

மறுவூட்டு: எதிரொலிப்பானின் வெளியீட்டில் அதன் உள்ளீட்டுக்கே திரும்பும் பங்கு, அதைக் கட்டுப்படுத்தும் குமிழ்.

தானலைவு: சுற்றுப் பெருக்கம் ஒன்றை எட்டியபின், புற உள்ளீடு இல்லாமலே கருவி தொடர்ந்து ஒலிக்கும் நிலை. குமிழில் இந்த இடம் கருவிக்குக் கருவி மாறும்; ஒரே கருவியிலும் சமன்படுத்தியை மாற்றினால் நகரும். ஆகவே மேடை ஏறுமுன் ஹெட்போனில் கேட்டுக் கண்டுபிடித்து, வெள்ளை ஒட்டுப்பட்டையில் கோடு போட்டுக்கொள்க.

ஊளை: மைக், பெருக்கி, ஒலிபெருக்கி, காற்று ஆகியவை சேர்ந்த சுற்றில் எழும் வேண்டாத தொடரொலி.

மடல் 6

ஐயங்கள் தீர்ந்தன. பின்னூட்டத்தை விட்டுவைத்ததற்கு நன்றி. மறுவூட்டு, தானலைவு இரண்டுக்கும் என் ஒப்புதல். 'ஊளை' அகராதியில் நாய்க்கும் நரிக்கும் உரியது என்று யாராவது மறுக்கக்கூடும். மைக்குக்கும் உரியது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

அடுத்த உள்ளீடு ஒன்று நிலுவையில் இருக்கிறது. தானலைவில் இருக்கும்போது நேரக் குமிழைத் திருப்பினால் சுருதி வழுக்கிக்கொண்டு போகிறதே, அதைச் சிலர் 'கமகம்' என்று எழுதுகிறார்கள். ஒலியை வாளிகளில் நீர் கைமாற்றுவது போலப் படிப்படியாகக் கடத்தித் தாமதப்படுத்தும், 4096 படிகள் கொண்ட பழைய வாளிவரிசைச் சில்லில் கடிகாரம் நொடிக்கு 10,000 துடிப்பாக இருந்தால் தாமதம் 205 மில்லிநொடி. கடிகாரத்தை இரட்டித்தால் தாமதம் பாதியாகும், உள்ளே ஏற்கெனவே இருக்கும் ஒலி ஒரு ஸ்தாயி மேலே ஏறி வெளியே வரும். இது கருவியின் கடிகாரம் செய்வது. விரலும் குரலும் செய்யும் கமகத்தை இதற்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. 'சுருதி வழுக்கு' என்று எழுதிவைக்கிறேன், மைக்செட் நண்பர் காதுக்கு எப்படி விழுகிறது என்று சொல்லட்டும்.